திகனயில் திறந்த சலூன்

திகனயில் நான் படிப்பித்த பாடசாலைக்கு எதிரே புதிதாக ஒரு கடை திறந்தார்கள். வாசலில் நெஞ்சளவு உயரத்தில் இரண்டு அரைக்கதவுகள். தள்ளினால் முன்னும் பின்னும் ஆடும். பெயர்ப்பலகையில் குதிரைமேல் தொப்பிக்காரன் ஒருவன். பக்கத்தில் ஆங்கிலத்தில் 'சலூன்' என்று எழுதியிருந்தது. ஆனால், உள்ளே கொத்து ரொட்டி போடும் சத்தம் கேட்டது.

"முடி வெட்டுற எடத்துல எதுக்குக் கொத்து?" என்று என்னோடு படிப்பித்த முஸ்லிம் ஆசிரியையிடம் கேட்டேன்.

"வாங்க டீச்சர், போய்த்தான் பாப்பமே" என்றார் அவர்.

பாடசாலை விட்டதும் போனோம். கடைக்காரர் எங்களுக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். சவூதியில் ஒரு பாலைவன முகாமில் சமையல்காரராக இருந்தவராம். அங்கே லீவு நாட்களில் குதிரையும் துப்பாக்கியுமாக அமெரிக்கக் கவ்போய் படம் போடுவார்களாம்.

"பாஷ வெளங்காது டீச்சர். ஆரு நல்லவன், ஆரு கள்ளன்டும் தெரியாது. கதைய நானே கட்டிக்குவன். ஆனா எல்லாரும் இந்த மாதிரிக் கதவத் தள்ளிட்டுத்தான் வருவாங்க. ஊருக்குப் போனா இப்பிடி ஒண்டு போடோணும்டு நெனச்சன்."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வயதான ஒருவர் வந்தார். கதிரையில் சாய்ந்து, சட்டைக் கொலரை உள்ளே மடித்துவிட்டு, "ஷேவ் மட்டும் போதும்" என்றார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. அங்கே முஸ்லிம்கள் அண்ணனையும் மூத்தவர்களையும் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். "காக்கா, இது சாப்பாட்டுக் கட. அமெரிக்காவுல சலூன்டா குடிக்கிற, சாப்புடுற எடம்."

"அப்ப அந்த ஆக்கள் முடி வெட்ட எங்க போற?"

கடைக்காரர் வெளியே போய்ப் பெயர்ப்பலகையை ஒருதரம் பார்த்துவிட்டு வந்தார். "படத்துல ஒருத்தனும் முடி வெட்டி நான் காணல்ல, காக்கா."

நாலு பேரும் அதைப் பற்றியே பேசினோம். கடைசியில் பெரியவர் ஒரு கொத்து சாப்பிட்டுவிட்டு, தாடியைத் தடவியபடியே போனார்.

அவரைப் போலவே பலரும் வந்தார்கள். பலகையை மாற்றச் சொல்லி மனைவி சண்டை பிடித்தும் கடைக்காரர் அசையவில்லை. கடையோடு ஒட்டியிருந்த அறையை ஒரு முடி வெட்டுபவருக்குக் கொடுத்தார். அந்த வாசலுக்கும் அரைக்கதவு போட்டார்கள். எது எந்தக் கதவு என்று தெரியாமல், பசியோடு வந்த சிலர் ஷேவ் எடுத்துக்கொண்டு போனதாகக் கேள்வி.