நாகலூரில் சேவலுக்கு வயது பார்த்தோம், வாடகைக்கு வீடும் கேட்டோம்

கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். தணிகிற வழியாகத் தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். சண்டைக்கோழி இனத்தில் ஓர் இளஞ்சேவல் வாங்க, போன மாதம் ஒரு சனிக்கிழமை ஏற்காடு போனேன். பந்தயத்துக்கு அல்ல, குஞ்சு எடுக்கத்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், கமெண்டில் யாரும் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

சேலத்திலிருந்து காலை ஏழு மணி பஸ். முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவு, ஒன்றேகால் மணி நேரம். வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். ஏற்காட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு நாகலூர் பஸ் பிடித்தேன்.

நாகலூரில் நான் எப்போதும் தங்கும் எஸ்டேட் விடுதியில் சமையல்காரர் தோம்பா. மணிப்பூர்க்காரர், மெய்தி இனத்தவர். அங்கே நடந்த இனக் கலவரத்தில் அவர் வீடு எரிந்துவிட்டது. அம்மா இன்னும் முகாமில் இருக்கிறார். விடுதியில் தோம்பாவுக்கு இருப்பது மூன்று ஆண்கள் படுக்கும் ஓர் அறை. தனியாக வீடு கிடைத்தால்தான் அம்மாவை அழைத்து வர முடியும். சேவல் விற்பவரிடம் ஒரு வீடு காலியாக இருப்பது தெரிந்து தோம்பாவும் என்னோடு கிளம்பினார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

விற்பவர் ஊர்க் கடைசியில் காப்பி, ஆரஞ்சு வைத்திருக்கும் விவசாயி. பெயர் வேண்டாம். கூடையைத் திறந்து கீரி நிறச் சேவலை எடுத்துக் கொடுத்தார்.

"ஏழு மாசந்தானுங்க. முட்டையில இருந்து நானே பாத்து வளத்ததுங்க."

ஏழு மாதச் சேவலுக்குக் காலின் பின்புறம் முளைக்கும் முள் பட்டாணி அளவு மொட்டாகத்தான் இருக்கும். விரலால் தள்ளினால் தோலோடு சேர்ந்து லேசாக அசையும். இதற்கு முள் எலும்போடு இறுகி, நுனி மட்டும் மழுங்கியிருந்தது. அரம் போட்டுத் தேய்த்த கோடு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. கால் செதிலும் சொரசொரவென்று தடித்திருந்தது. இரண்டு வயதுக்குக் குறையாது. நான் வாயைத் திறப்பதற்குள் தோம்பா தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டார்.

"அண்ணா, அந்த ஊடு வாடகைக்குக் குடுப்பீங்களா? நானும் அம்மாவும் மட்டுந்தான்."

அவர் தோம்பாவைப் பார்க்கவில்லை, என்னிடம் சொன்னார்: "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. இந்த நேபாளிக்காரங்க நாய், பூனை ஒண்ணையும் உடமாட்டாங்கன்னு சொல்றாங்க. நானு கோழி வெச்சுப் பொழைக்கறவன். நொம்ப பயமா இருக்குதுங்க."

எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. முள்ளைத் தேய்த்து இரண்டு வயதுச் சேவலை ஏழு மாதம் என்று விற்கிற மனிதருக்கு, அடுத்தவர் கோழியைத் திருடித் தின்பார் என்று பயமாம். "உங்க சேவலுக்கு ரெண்டு வயசுங்க" என்று ஆரம்பித்தேன். தோம்பா என் கையைப் பிடித்து வேலியோரம் கூட்டிப் போனார்.

"வாங்கிக்கோங்க அண்ணா. வாங்கலீன்னா நான்தான் கெடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. நீங்க சாயங்காலம் எறங்கிருவீங்க. நான் இங்கதான வீடு தேடணும்."

வேலியோரத்திலிருந்து திரும்பி வந்தேன். விவசாயி கேட்ட நாலாயிரத்தைக் கொடுத்து வாங்கினேன். அவர் சிரித்த முகமாகக் கூடைக்குக் கயிறு கட்டிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

மெய்திகள் நேபாளிகள் அல்ல. மணிப்பூரின் நடுவே இம்பால் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள். தனி மொழி, தனி எழுத்து உண்டு. பலர் வைணவர்கள். வீட்டுத் தெய்வமான சனாமகிக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு மூலை ஒதுக்கி வணங்குவார்கள். முற்றத்தில் துளசி வைப்பார்கள். பழைய வழக்கம் விடாத குடும்பங்களில் மீன் உண்டு, கறி அடுப்பேறாது. தோம்பாவின் அம்மா அப்படித்தான், வாழ்நாளில் கோழியைத் தொட்டதில்லை. இதைத் திரும்பிப் போய் அந்த விவசாயியிடம் சொல்லலாம் என்று நான் வழியில் சொன்னபோது தோம்பா தலையாட்டி மறுத்தார். "கோழி தின்னா மட்டும் வீடு குடுக்கக் கூடாதா அண்ணா?" என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

சேவல் வாங்கப் போகிறவர்களுக்கு: பகலில் போங்கள். முள்ளை அசைத்துப் பாருங்கள், நுனியில் அரம் பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் கவனியுங்கள். செதிலைத் தடவிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். நாகலூரிலிருந்து திரும்பும் பஸ் நேரத்தைக் காலையிலேயே பஸ் நிற்கும் இடத்துக் கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நாகலூர், கொட்டச்சேடு, கரடியூர் பக்கம் யாரிடமாவது ஓர் அறை, ஒரு சமையற்கட்டு காலியாக இருந்தால் கீழே எழுதுங்கள். இரண்டே பேர். தோம்பா இதுவரை ஆறு வீடு கேட்டுவிட்டார், அம்மா முகாமில்தான் இருக்கிறார். ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வோம் என்பவர்கள் மட்டும் எழுத வேண்டாம்.