கட்டு அவிழ்த்த பிறகு

பிறவியிலேயே என் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. வெயிலும் நிழலும் தெரியும், வேறொன்றும் தெரியாது. அதை நான் பெரிய குறையாக நினைத்ததில்லை. திண்டுக்கல் பக்கத்து ஆத்தூரில் எங்கள் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் கம்பு ஊன்றித் தனியாகப் போய் வருவேன். வெங்காயத்தைத் தொட்டே பெரிசு, பொடிசு, அழுகல் என்று பிரித்துவிடுவேன். என் வேகத்துக்கு மதினி வரமாட்டாள்.

ஐம்பதுகளின் கடைசியில், எனக்கு இருபது வயது நடக்கும்போது, திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். அண்ணன் வண்டி கட்டி அழைத்துப் போனான். ஆபரேஷன் முடிந்து அசையாமல் படுத்துக் கிடந்தேன். கட்டு அவிழ்த்த அன்று கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம்.

"என்னம்மா தெரியுது?" என்றார் டாக்டர்.

வெளிச்சம் முகத்தில் அறைந்தது. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. நடுவில் ஏதோ அசைந்தது. குரல் அங்கிருந்து வந்ததால், அது அவர் முகமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்தேன்.

"என்னமோ தெரியுது. என்னன்னு தெரியல," என்றேன்.

"பார்த்துட்டா," என்று அண்ணன் அழுதான்.

சோடாபுட்டிக் கண்ணாடியோடு ஊர் திரும்பினேன். வாசலில் விழுந்த வேப்பமர நிழலைப் பள்ளம் என்று எண்ணித் தாண்டினேன். நிஜமான படியில் இடறி விழுந்தேன். தூரத்தில் போன மாட்டைப் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக் கையை நீட்டினேன். என்னைப் பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். மதினி ஒரு சொம்பையும் தேங்காயையும் என் முன்னால் வைத்தாள்.

"எது தேங்கா, சொல்லு பாப்போம்."

வெகுநேரம் பார்த்தேன். சொல்ல வரவில்லை. தொடப் போன கையை அவள் தட்டிவிட்டாள். "தொடாமச் சொல்லு. அதேன் கண்ணு வந்துருச்சுல்ல?" பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நடிக்கிறா."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தேன். கண்ணை மூடினேன். "வெங்காயக் கூடை ரெண்டு கொண்டாங்க மதினி. நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு." அத்தனை பேர் முன்னாலும் என் கூடை பிரிந்து முடிந்தபோது அவளுடையதில் பாதி மிச்சம் இருந்தது.

அண்ணனுக்குத்தான் ஆத்திரம். "இம்புட்டுப் பாடுபட்டுக் கண்ணு வாங்கிக் குடுத்தேன், மூடிக்கிட்டா திரியிற?" என்று என் கம்பை ஒடித்து அடுப்பில் வைத்தான். விடிந்ததும் வேலியில் புதுக் கம்பு ஒன்று முறித்துக்கொண்டேன்.

"நீ ஒடிச்சா நான் இன்னொண்ணு முறிப்பேன். நான் விழாம நடக்கணும்," என்றேன். அதுவரை அவனை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை.

மறுபடி டாக்டரிடம் போனபோது அண்ணன் என்மேல் புகார் சொன்னான். டாக்டர் அவனைத்தான் கண்டித்தார். "மறைச்சிருந்த திரையை நான் எடுத்தேன், அவ்வளவுதான். பார்க்கிறது மூளை. கையும் காதும் சொன்னதைக் கேட்டே இருபது வருஷம் பழகின மூளை அது. கண்ணு பேசுற பாஷை அதுக்குப் புதுசு. அடிச்சா பாஷை வருமா?"



நான் என் வழியில் கற்றேன். முதலில் தொடுவேன், அப்புறம் பார்ப்பேன், மறுபடி தொடுவேன். சொம்பு வந்தது. விளக்கு வந்தது. மாட்டின் கொம்பு வந்தது. நிழல் வெறும் நிழல்தான் என்று கால் நம்ப மூன்று மாதம் ஆயிற்று. முகங்கள் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

ஒரு நாள் மாலை யாரோ என் எதிரில் வந்து உட்கார்ந்து பேசாமல் இருந்தார்கள்.

"யாருன்னு தெரியலயா?" அண்ணன் குரல்.

"மூக்கு தெரியுது, மீசை தெரியுது. சேத்துப் பாத்தா நீயின்னு வரமாட்டேங்குது. அதுக்காக உன்னய எனக்குத் தெரியாதுன்னு சொல்லிறாத."

அவன் என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தான். "சரி, தொட்டுப் பாரு," என்றான்.

அவனைக் கேட்காமலே கண்ணை மூடிக்கொண்டேன்.