மாஸ்க்குக்குள் ஒரு பல்செட்

2021 மே 14, வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்கால். அக்னி நட்சத்திரம்; வானம் மூடிக் கிடந்தும் காற்றில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையின் கொரோனா வார்டில் என் மனைவிக்கு ஆக்சிஜன் வைத்து ஐந்தாம் நாள். எனக்கு அதே நோய் வந்து தணிந்திருந்ததால் துணைக்கு இருக்க விட்டார்கள். அவள் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவு 88 காட்டியது. முந்தின நாள் 91.

அவளுடைய ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிய டாக்டரம்மா முகம் சுளித்து, பல்செட் உண்டா என்று கேட்டார். மேலும் கீழும், ஒன்பது வருடமாக என்றேன். வந்ததிலிருந்து கழற்றவேயில்லை. வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலுக்குள் வாயின் அழுக்கும் எச்சிலோடு இறங்கினால் இன்னொரு தொற்று வரும், பிறகு தொண்டையில் குழாய்தான் என்றார். செட்டைக் கழற்றி, மூன்று வேளையும் வாயைத் துடைக்கச் சொன்னார்.

அவள் முடியாதென்று தலையாட்டினாள். பல்லில்லாமல் நானே அவளைப் பார்த்ததில்லை. வீட்டில் கதவைத் தாழிட்டுத்தான் கழுவுவாள். இங்கே பதினெட்டுக் கட்டில், அதில் மூன்று பேர் எங்கள் ஊர் காவாந்தண்டலத்து ஆட்கள். கெஞ்சினேன், திட்டினேன். கருவி 87க்கு இறங்கியது. அதைக் காட்டினேன்.

"துண்ட மறைச்சிப் புடிங்க. நீங்களும் அந்தாண்ட திரும்பிக்கினு இருங்க" என்றாள்.

உள்ளங்கையில் செட் வந்து விழுந்தது. அன்றிலிருந்து மருந்துத் தண்ணீரில் துணியை நனைத்து ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் துடைத்தேன். மூன்று வேளைக்கு ஐந்து வேளை. பக்கத்துக் கட்டில்காரர், "இன்னா பெரியவரே, கொழந்தைக்கு வாய் தொடைக்கிறீங்களா?" என்றார். "ஒனக்கும் வேணும்னா தொறப்பா வாய" என்றாள் இவள். துண்டை அவள் மறந்து இரண்டு நாளாகியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை 95. வாய் துடைத்ததாலா என்று கேட்டேன். எல்லாம் சேர்ந்துதான், பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. குழாய் போடவில்லை, எனக்கு அது போதும்.

வீட்டுக்குக் கிளம்பியபோது முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கட்டில் கட்டிலாக நின்று, பொக்கைவாய் தெரியச் சிரித்து விடைபெற்றாள். போட்டுக்கொள்ளச் செட்டும் இல்லை. கிருமி சாகட்டுமென்று நான் கொதிநீரை ஊற்றியதில் அது கோணிப்போயிருந்தது. அவள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நடந்தேன்.

உத்திரமேரூரில் புது செட் கட்டினோம். பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.