கொழும்பில் நின்ற மோட்டார்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் கொழும்பைத் திட்டிக்கொண்டிருந்தோம். பாவம், அந்த ஊர் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

தொடங்கிவைத்தவர் மாமா. அம்மாவின் தம்பி, அரசாங்கக் காண்ட்ராக்டர், எங்கள் மாடியில்தான் குடியிருந்தார். கடற்கரைக் கிராமம் ஒன்றுக்குக் குடிதண்ணீர் ஏற்றிக்கொடுக்கும் வேலையை எடுத்திருந்தார். தொட்டி கட்டியாயிற்று, குழாய் பதித்தாயிற்று, மோட்டார் மட்டும் வரவில்லை. அதைச் செய்து அனுப்பிய நாடு, அது பாதிக் கடலில் வரும்போது போருக்குப் போய்விட்டது. அந்த நாட்டுச் சரக்கைத் தொடக்கூடாது என்று பெரிய நாடுகள் தடை போட, கப்பல் கம்பெனி பயந்துபோய்ப் பெட்டியைக் கொழும்பில் இறக்கிவைத்துவிட்டு நழுவிவிட்டது. வேறு மோட்டார் வாங்கலாமென்றால், டெண்டரில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறதோ அதுதான் வரவேண்டுமாம். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் மாமாவின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். பிறகு ஒரு சர்க்கார் வேலையும் கிடைக்காது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். எங்கோ சண்டை போடுகிறவர்களுக்கு இங்கே தண்ணீர் இறைக்கிற மோட்டாரோடு என்ன தகராறு? அம்மாவிடம் கேட்டேன். "ஏளா, போய் உன் பாடத்தப் படி" என்றாள். அட்லஸை எடுத்து அளந்தேன். கொழும்பு என் சுண்டுவிரல் நகத்தளவு தூரத்தில் இருந்தது. இதற்கா இத்தனை கவலை?

பக்கத்து வீட்டுக்காரர் தோணித் தண்டல், அதாவது தோணியின் தலைவர். மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போகும் தோணியில் அவர் வைத்ததுதான் சட்டம். நேராக அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"இம்புட்டுதானா மக்கா? போற வழிதான. வெங்காய மூடைக்குக் கீழ போட்டுக் கொண்டாந்திருதேன். உங்க மாமாவ டீயோட நிக்கச் சொல்லு" என்றார். கேலி என்பது எனக்கு உறைக்கவில்லை.

அதே வாரம் மாமாவும் ஒரு வழி பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை, நான் வளர்ந்த பிறகு அவரே சொன்னார். அதே கம்பெனிக்கு இன்னொரு நாட்டிலும் தொழிற்சாலை உண்டு. அங்கிருந்து நியாயமாக வரவழைக்க நான்கு மாதமாகும். கொழும்பில் கிடக்கும் மோட்டாரையே அங்கே செய்ததாகப் பெயர்த் தகட்டையும் காகிதத்தையும் மாற்றித் தருகிறேன் என்று ஒரு ஏஜெண்ட் சொல்லியிருந்தான். மாமா முக்கால்வாசி சம்மதித்திருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம், மாமாவின் வேலையைப் பார்வையிடும் சர்க்கார் இன்ஜினியர் வந்தார். நாசரேத்காரர், அதிகம் பேசமாட்டார். மோட்டார் என்ன ஆயிற்று என்று கேட்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "வந்திரும் சார், ஏற்பாடு பண்ணியாச்சு" என்றார்.

முறுக்குத் தட்டோடு வந்த நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆமா சார், கொழும்புலேருந்து வெங்காயத்துக்குக் கீழ ஒளிச்சுக் கொண்டாராவ" என்றேன்.

இன்ஜினியர் டீ சிந்தும் அளவுக்குச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மாமாவைப் பார்த்தார். மாமா சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. இன்ஜினியரின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அண்ணாச்சி, மோட்டார் வந்தா தகட்டையும் காயிதத்தையும் நானே பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "முடியலன்னா முடியலன்னு உள்ளதச் சொல்லி ஒரு கடுதாசி தாங்க. அவகாசம் கேட்டு மேல எழுதிப் பாக்கேன்" என்றார்.

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு மூன்று நாள் இருந்தது. மாமா மாடிக்குப் போய் யாரிடமோ போனில், "வேண்டாம், விட்டிரும்" என்றார். பிறகு நாலைந்து தாளைக் கிழித்துப்போட்டு ஒரு கடிதம் எழுதினார்.

மறுநாள் எனக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிவந்தார். "இந்தா. இனிமே யார்ட்டயும் தோணி பேசாத" என்றார். காரியத்தைக் கெடுத்தவளுக்கு எதற்குத் தின்பண்டம் என்று புரியாமலே தின்றேன். பாதியைத் தண்டலுக்கு எடுத்துவைத்தேன்.

அவகாசம் கிடைத்தது. நான்கு மாதம் கழித்து அந்த இன்னொரு நாட்டுத் தொழிற்சாலையிலிருந்து மோட்டாரும் வந்தது. அதே வாரம் தண்டலின் தோணியும் கரைக்கு வந்திருந்தது. எனக்கு அது போதும். மோட்டார் வெங்காயத்துக்குக் கீழேதான் வந்தது என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவுமில்லை, இல்லையென்று திருத்தவுமில்லை.