ஏழுமலை வீட்டுக்குக் கொட்டிய மண்

"சார், வூட்டுக்குள்ள தரை எழும்பிக்கினு கீது சார்."

ஏழுமலை போனில் இப்படிச் சொன்னபோது நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி அடைமழை. தரை இறங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எழும்புமா?

"இன்னா ஏழுமலை, காலங்காத்தாலயே போட்டாச்சா?"

"சாமி சத்தியமா இல்ல சார். கதவ தொறக்க முடியல. பசங்கள ஜன்னலாண்ட நிக்க வெச்சிக்கினு கீறோம். வந்து பாருங்க."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

எங்கள் விதி

சைட்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வீடில்லாத குடும்பங்களுக்கு நன்கொடையில் வீடு கட்டித்தரும் ஒரு டிரஸ்ட்டில் ஓய்வு பெறும்வரை நான் சைட் சூப்பர்வைசர். செங்கல், சிமெண்ட், கம்பி, மேஸ்திரி எல்லாம் டிரஸ்ட் பொறுப்பு. வீட்டுக்காரர்கள் உடலுழைப்புத் தரவேண்டும். கல் தூக்குவது, சிமெண்ட் கெட்டிப்பட க்யூரிங்குக்குத் தண்ணீர் ஊற்றுவது, பேஸ்மெண்ட்டுக்குள் மண் நிரப்பி திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குவது அவர்கள் வேலை. சும்மா கொடுத்தால் மதிப்புத் தெரியாதாம். பிறந்ததிலிருந்து கூலிக்கு மண் சுமந்தவர்களுக்கு உழைப்பின் மதிப்பைச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியிருந்தோம். சிரிக்காதீர்கள், அப்போது நானும் அதை நம்பினேன்.

ஏழுமலையும் அவர் மனைவி கஸ்தூரியும் சாலவாக்கம் பக்கம் ஒரு காலனியில் இருந்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று அடுத்தவர் வயலில்தான் பிழைப்பு. சொந்தமாக இருந்தது குடிசை போட்ட மனை மட்டும். மனை சின்னது என்பதால் குடிசையைப் பிரித்தால்தான் வீட்டுக்கு இடம். பிரித்தார்கள். பக்கத்தில் நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு குடியிருந்தார்கள்.

கடைக்கால் எழும்பி பேஸ்மெண்ட் வந்தது. அதற்குள் கொட்ட மொரம்பு என்கிற சரளை மண் வரவேண்டும். அந்தக் கோடையில் குவாரி மூடிக்கிடந்ததால் லாரி வரவில்லை. நான் பழையசீவரத்தில் இன்னொரு சைட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஆவணியில் பால் காய்ச்சிவிட வேண்டும் என்பது கஸ்தூரியின் ஆசை. ஒரு நாள் மேஸ்திரி போன் செய்தார்: "சார், பேஸ்மெண்ட்ட ரொப்பிட்டாங்க. இடிச்சு, மேல மணலும் பரப்பிட்டாங்க. அட்டகாசமா கீது. தளம் போட்டுடட்டுமா?"

மொரம்பு எப்படியோ வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். நான்தான் அனுப்பிவிட்டேன் என்று மேஸ்திரி நினைத்தார். தளம் போட்டாயிற்று. சுவர் எழும்பி, கூரையும் போட்டு, ஆவணியில் பாலும் காய்ச்சினார்கள். அன்று எனக்கு இலை போட்டு வடை பாயசத்தோடு சாப்பாடு.

கடப்பாரை காட்டியது

நான் போய்ச் சேர்ந்தபோது ஏழுமலை கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவந்திருந்தார். உள்ளே தரை நடுவில் பூரி மாதிரி உப்பி வெடித்திருந்தது. பேஸ்மெண்ட் சுவர் வெளிப்பக்கம் தள்ளி நின்றது. மூலையில் கீழிருந்து கூரைவரை விரிசல், என் கை நுழைந்தது.

கடப்பாரையால் தளத்தைப் பெயர்த்தேன். மணலுக்கு அடியில் கன்னங்கரேலென்று மண். கையில் எடுத்தால் களிம்பு போல ஒட்டியது.

"இது எங்கேர்ந்து வந்தது?" என்றேன்.

கஸ்தூரிக்கு அந்த நிலையிலும் முகம் மலர்ந்தது. "ஏரி வண்டலு சார். நாங்களே பாண்டுல சொமந்தோம். அவரு கல்லு, முள்ளு இல்லாம சலிச்சிக் குடுத்தாரு. அத்தவிட ஒசந்த மண்ணு இந்த ஊர்லயே கெடையாது சார். வருசா வருசம் ஊரார் நெலத்துக்கெல்லாம் நாங்கதான் கொட்றோம். நமக்குன்னு நெலமா கீது? வூட்டுக்காவது போடுவோம்னுட்டு…"

வண்டல் தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். நெல்லுக்கு அது சோறு, கட்டடத்துக்கு எமன். கோடையில் காய்ந்த வண்டலை இடித்து மூடியிருந்தார்கள், மழை அதற்குத் தண்ணீர் காட்டிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கஸ்தூரி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"அப்போ நாங்கதான் கெடுத்துட்டமா சார்?"

ஏழுமலை அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

டிரஸ்ட் ஆபீசில்

இன்ஜினியர் வந்து பார்த்தார். உள்ளே யாரும் படுக்கக் கூடாது, ரிப்பேருக்கு வழியில்லை, இடித்துவிட்டுப் புதிதாகத்தான் கட்டவேண்டும் என்றார். நான் டிரஸ்ட் தலைவரிடம் போய்ச் சண்டை போட்டேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்பது விதி. விதியைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "இவங்களுக்கு மறுபடியும் கட்டணும்னா, அடுத்து காத்திருக்கிற ஒரு குடும்பத்துக்கு இல்லைன்னு சொல்லணும். எல்லாரையும் நீங்கதானே போய்ப் பார்த்தீங்க? யாருக்கு இல்லைங்கிறதை நீங்களே சொல்லுங்க, கட்டிடலாம்."

புருஷனை இழந்து மாட்டுக் கொட்டகையில் குடியிருந்த ஒரு பெண்ணின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். அரசாங்கத் திட்டத்துக்கு அலைந்தோம். ஏற்கெனவே கான்கிரீட் வீடு இருக்கிறதே என்று திருப்பி அனுப்பினார்கள். குடிசையிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும். இதில் யாரும் அயோக்கியர் இல்லை. யாராவது ஒருவர் அயோக்கியராக இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது ஆறியிருப்பேன்.

ஆகவே பிள்ளைகளே, தளம் போடுமுன் கடப்பாரையை அடிவரை இறக்கி, வரும் மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். எங்கிருந்து சுமந்தீர்கள் என்று வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள். மறைக்க மாட்டார்கள். கஸ்தூரியிடம் யாராவது கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பார். நான் கற்றது இவ்வளவுதான். இது அடுத்த வீட்டுக்குத்தான் உதவும்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். அவர்கள் மறுபடியும் தார்ப்பாயில்தான் இருக்கிறார்கள். விரிசல் அகன்று, வெளியே நின்றால் உள்சுவர் தெரிகிறது. கஸ்தூரி சாப்பாட்டுத் தூக்கோடு நடவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தார்ப்பாயை அப்படியே விட்டுவிட்டு, அந்த வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

"உள்ள இன்னாம்மா கீது, பூட்றதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார். "வூட்ட பூட்டாம எப்பிடி சார் வேலைக்குப் போறது?"