பழைய டொமைன் கன்ட்ரோலரோடு போன இறால் ரிப்போர்ட்டுகள்

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு லேபிலிருந்து போன் வந்தது.

"தம்பி, என் கம்ப்யூட்டர்ல இசட் டிரைவ் திறக்க மாட்டேங்குது. சிவப்பா பெருக்கல் குறி போட்டிருக்கு. கொஞ்சம் இங்கன வாரீங்களா?"

பேசியவர் மைமூன் மேடம், எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர். மண்டபம் ஊருக்குப் போகும் கடலோரச் சாலையில் இறால் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. நான் அங்கே சிஸ்டம் அட்மின். நாற்பது கம்ப்யூட்டர்கள், ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலர். யார் லாகின் செய்யலாம், யாருக்கு எந்த ஃபோல்டர் திறக்கும் என்பதை எல்லாம் முடிவு செய்யும் சர்வர் அது. விண்டோஸ் 2000-இல் ஓடிக்கொண்டிருந்தது. உப்புக்காற்றில் அதன் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து, ஃபேன் கத்த ஆரம்பித்திருந்தது.

அதனால் இரண்டு வாரம் முன்பே ஒரு புதிய சர்வர் வரவழைத்து, அதில் விண்டோஸ் 2003 போட்டேன். புதியதை ஏற்கும்படி டொமைனைத் தயார்செய்யும் ஆட்ப்ரெப்பைப் பழையதில் ஓட்டி, புதியதை இரண்டாவது டொமைன் கன்ட்ரோலராகச் சேர்த்தேன். கம்ப்யூட்டர்களுக்குப் பெயரும் முகவரியும் கொடுக்கும் டிஎன்எஸ், டிஎச்சிபி இரண்டையும் அதற்கு மாற்றினேன். டொமைனை நடத்தும் ஐந்து தலைமை ரோல்களையும் புதியதற்குக் கொண்டுவந்தேன். ஒரு வாரம் இரண்டும் சேர்ந்து ஓடின. ஒரு புகாரும் இல்லை. போன சனிக்கிழமை பழையதை டொமைனிலிருந்து முறைப்படி விலக்கினேன்.

அதை ஒரு மாதம் அப்படியே வைத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். மேனேஜர் முருகேசன் விடவில்லை. "கேட்ல எடை போடுற எடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் இல்லாம கெடக்கு. இத அழிச்சுக் குடுத்துருப்பா" என்றார்.

"வேற எதுவும் இதுல இருக்கா சார்?"

"என்ன இருக்கப் போகுது? கம்பெனி ஃபோல்டர எடுத்துட்டேல்ல?"

எடுத்திருந்தேன். அன்றே டிஸ்க் முழுவதையும் ஃபார்மட் செய்து, எக்ஸ்பி போட்டு, கேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

லேபில் போய்ப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. இசட் டிரைவ் பழைய சர்வரின் பெயரைக் காட்டியது. எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் அதன் டிஸ்க்கில் தனியாகப் பிரித்த இன்னொரு பார்ட்டிஷனில் மேடத்துக்குத் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்திருக்கிறார். எல்லோருக்கும் டிரைவ்களை இணைத்துக் கொடுக்கும் லாகின் ஸ்கிரிப்டில் அது இல்லை. பேக்கப்பிலும் இல்லை.

"அதுல என்ன மேடம் இருந்துச்சு?"

"இறால்ல மருந்து தங்கியிருக்கான்னு பாத்த பதினோரு மாச ஆன்டிபயாட்டிக் டெஸ்ட் ரிப்போர்ட். வெள்ளிக்கிழமை ஏற்றுமதி அதிகாரி ஆய்வுக்கு வாராங்கள்ல, அவங்களுக்குக் காட்டத்தான்."

அந்த ஆய்வில் தவறினால் ஏற்றுமதி நின்றுவிடும். தோல் உரிக்கும் ஷெட்டில் இருநூறு பெண்கள் வேலை பார்த்தார்கள்.

கேட்டுக்கு ஓடினேன். அழிந்ததை மீட்கும் ரெக்கவரி சாஃப்ட்வேர் கொடுத்ததெல்லாம் திறக்கவே திறக்காத துண்டு ஃபைல்கள். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "டிஸ்க் தன்னால போயிருச்சுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிரு. பழைய மெஷின்தானே, நம்பிரும்" என்றார்.

லேபுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மேடம் முன்னால் நின்றதும் அது வரவில்லை.

"மேடம், நான்தான் அழிச்சேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம அழிச்சுட்டேன்."

"யா அல்லாஹ்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து பீரோவைத் திறந்து, கையெழுத்தில் குறித்து வைத்திருந்த லேப் நோட்டுகளை எடுத்து என் முன்னால் அடுக்கினார். ஒன்பது நோட்டுகள்.

"நான் வாசிக்கிறேன். நீங்க அடிங்க."

வியாழன் மாலை வரை அடித்தேன். ஒருமுறை 0.3 என்பதை 3 என்று அடித்துவிட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மேடம் என் கையைத் தட்டிவிட்டார். "தம்பி, அந்தப் புள்ளி இல்லேன்னா அந்த லோடு மொத்தமும் திரும்பி வந்துரும்." அதுவரை எனக்கு அவை வெறும் எண்கள்.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி முதல் ஃபோல்டரிலேயே கேட்டுவிட்டார். "எல்லா ஃபைலும் இந்த வாரத் தேதியில இருக்கே, ஏன்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். மைமூன் மேடம் யாரையும் பார்க்கவில்லை. "சர்வர் மாத்துறப்போ எல்லாம் அழிஞ்சிருச்சு சார். நோட்டப் பாத்து திரும்ப அடிச்சிருக்கோம். நோட்டு இங்கனதான் இருக்கு, நீங்களே சரிபாருங்க" என்றார்.

அதிகாரி தன் இஷ்டத்துக்குப் பக்கங்களைப் புரட்டி முப்பது பதிவுகளை ஒப்பிட்டார். ஒன்றுகூட மாறவில்லை. 'பேக்கப் முறை திருத்தப்பட வேண்டும்' என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டுக் கையெழுத்திட்டார்.

அதன் பிறகு நான்கு கம்பெனிகளில் டொமைன் கன்ட்ரோலர் மாற்றியிருக்கிறேன். பழையதில் ஏதாவது இருக்கிறதா என்று யாரிடமும் கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "தினம் காலையில வந்ததும் எதைத் திறப்பீங்க, காட்டுங்க" என்பேன். அவர்கள் திறந்து காட்டுவதைக் குறித்துக்கொள்வேன். ஆட்ப்ரெப் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.