ஐந்தாம் வார்த்தைக்கு முன்னால்

பினாங்கில் பெரிய வெள்ளிக்கிழமைக்கு விடுமுறை கிடையாது. வேலைக்குப் போகிற கிறிஸ்தவர்கள் லீவு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரையாவது மாற்றிவிட்டுப் போக வேண்டும். தவமணிக்கு மாற்றிவிட ரொஸ்னா இருந்தாள். நோன்புப் பெருநாளன்று ரொஸ்னாவின் வேலையைத் தவமணி பார்ப்பாள். பெரிய வெள்ளி மதியம் தவமணியின் இடத்தில் ரொஸ்னா நிற்பாள். ஆறு வருடமாக இந்த ஏற்பாடு ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இருவரும் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒப்பந்த ஊழியர்கள். ஆப்பரேஷன் கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, நீராவி இயந்திரத்தில் வைத்து எடுப்பது அவர்கள் வேலை. ஒவ்வொரு அடுக்கோடும் ஒரு சின்னக் காகிதப் பட்டையை உள்ளே வைக்க வேண்டும். நீராவி சரியாகப் பட்டால் வெள்ளைப் பட்டை கறுத்துவிடும். இயந்திரம் நின்றதும் அதை எடுத்துப் பார்த்து, புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்த பிறகுதான் கருவிகள் மேலே ஆப்பரேஷன் அறைக்குப் போகும்.

தவமணிக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபது வருடம் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். அதை மூடிவிட்டுப் போனபோது இங்கே வந்து சேர்ந்தாள். மூன்று வருடத்துக்கு முன் அவள் கணவர் ஐயாத்துரைக்கு மாரடைப்பு வந்தது. லாரி ஓட்டுவதை விட்டு, ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பத்தாவது மாடி வீட்டில் இருக்கிறார். இந்த ஏப்ரலில் ஒப்பந்த ஊழியர்களில் நாலு பேரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. நிரந்தரமானால் ஐயாத்துரைக்கு அந்த மருத்துவமனையிலேயே வைத்தியம் கிடைக்கும். திங்கட்கிழமை பெயர்ப் பட்டியல் வருகிறது. முதல் பெயர் அவளுடையது என்று மேற்பார்வையாளர் லோகேஸ்வரனே காதில் போட்டு வைத்திருந்தார்.

அந்த வருடம் அவளுக்கு இன்னொரு பாரமும் இருந்தது. பெரிய வெள்ளி ஆராதனையில் ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பேசுவார்கள். வழக்கமாக ஆசிரியர்களும் ஆபீஸ் வேலைக்காரர்களுமே பேசுவார்கள். போதகர் இந்த முறை ஐந்தாம் வார்த்தைக்குத் தவமணியின் பெயரை எழுதிவிட்டார். “தாகமாயிருக்கிறேன்” என்று ஆண்டவர் சொன்ன வார்த்தை அது.

“என்னையா? நான் என்னத்தப் பேசுறது?” என்று வீட்டில் வந்து அங்கலாய்த்தாள்.

“என்கிட்ட தினமும் ரெண்டு மணி நேரம் பேசுறியே. அதுல கால் மணி நேரத்த அங்க பேசு” என்றார் ஐயாத்துரை.

மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினாள். வெள்ளி காலையில் அந்தத் தாளை மடித்து வேலை அங்கியின் பையில் வைத்துக்கொண்டாள். வெளிக் காகிதம் அந்த அறைக்குள் வரக் கூடாது. தெரிந்தே கொண்டுபோனாள். கருவிகளை அடுக்கும்போது இரண்டு வரி, கட்டும்போது இரண்டு வரி என்று மனதில் ஏற்றினாள். பதினொன்றே காலுக்கு ரொஸ்னா வந்தபோது இயந்திரம் நிற்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஆராதனைக்கு நேரமாகிறது. தவமணி புத்தகத்தை எடுத்துக் கையெழுத்தை முன்கூட்டியே போட்டாள்.

“நின்னதும் பட்டைய எடுத்து ஒட்டிரு, ரொஸ்னா.”

“போங்கக்கா, நான் பாத்துக்கிறேன் லா. எனக்கும் சேத்து வேண்டிக்குங்க.”

கோவிலில் நாலாம் வார்த்தை பேசியவர் முடிக்கிற கட்டத்தில், தவமணி மடியில் வைத்துத் தன் தாளை விரித்தாள். மடிப்புக்குள், காலையில் அடுக்கோடு வைத்திருக்க வேண்டிய பட்டை இருந்தது, வெள்ளை வெளேரென்று.

பட்டை இயந்திரத்துக்குள் போகவே இல்லை. கருவிகள் நன்றாக வெந்தும் இருக்கலாம், வேகாமலும் இருக்கலாம். சொல்ல எந்தச் சாட்சியும் இல்லை. ரொஸ்னா பட்டையைத் தேடியிருப்பாள், தவமணி அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, எங்கேயாவது எடுத்து வைத்திருப்பார் என்று விட்டிருப்பாள். அந்தக் கருவிகள் இரண்டு மணிக்கு ஒரு முழங்கால் ஆப்பரேஷனுக்குப் போகும். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபது.

ஒரு வழி கண் முன்னே வந்து நின்றது. பேசி முடித்துவிட்டுச் சாயங்காலம் போய், வேறு அடுக்கின் கறுத்த பட்டையை ஒட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை பட்டியலில் பெயர் வரும்.

சின்ன வயதில் கர்த்தருக்குப் பயப்பட வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பிரம்புதான் ஞாபகம் வரும். ஐயாத்துரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த நாளில் அது மாறியது. ஆஸ்பத்திரி நடையில், டாக்டர் என்ன சொல்வாரோ, நாளைக்கு என்ன செய்வோமோ என்று ஒவ்வொன்றுக்கும் நடுங்கிக்கொண்டிருந்தவள் அங்கேயே முழங்கால் போட்டாள். இத்தனையையும் கையில் வைத்திருக்கிற ஒருவர் இருக்கிறார் என்ற பயம் அவளைப் பிடித்தது. அந்தப் பயம் வந்ததும் மற்றதெல்லாம் சின்னதாய்ப் போயிற்று. அன்று முதல் அவள் அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிழைக்கிறாள். இப்போது அதை விட்டுவிட்டு, அவருடைய தாகத்தைப் பற்றி அவர் முன்னாலேயே எப்படிப் பேசுவது? ஆப்பரேஷன் மேசையில் படுக்கப்போகிறவர் யார் வீட்டு ஐயாத்துரையோ.

போதகர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். தவமணி எழுந்தாள். மேடைப் பக்கம் போகாமல் வாசலுக்கு நடந்தாள். சபை முழுதும் திரும்பிப் பார்த்தது.

இயந்திர அறைக்குள் ரொஸ்னாவிடம் போன் இருக்காது. லோகேஸ்வரனைத்தான் கூப்பிட வேண்டும்.

“தம்பி, ரெண்டு மணி கேஸ் கருவிகள நிறுத்துங்க. பட்டைய நான் உள்ள வைக்கல. பாக்காமலேயே கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“அக்கா, என்ன பேசுறீங்கன்னு தெரியுதா? திங்கக்கெழமை லிஸ்ட்டு.”

“தெரியுது தம்பி. நீங்க மொதல்ல மேல சொல்லுங்க. நான் நடந்து வந்துக்கிட்டே இருக்கேன்.”

காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம். வெயிலில் பத்து நிமிட நடை. போய்ச் சேர்ந்தபோது கருவிகள் கட்டுப் பிரிக்காமல் கீழே வந்திருந்தன. நடந்ததைத் தவமணி ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். லோகேஸ்வரன் வாங்கிப் படித்துவிட்டு, “இத நான் மலாய்ல மாத்தி எழுதணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கருவிகளைப் பிரித்து, மறுபடி கட்டி, பட்டையை வைத்து இயந்திரத்தை ஓட்டினார்கள். ரொஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு ஒரு வார்த்த சொல்லிருந்தா, நானே சத்தமில்லாம எடுத்து மறுபடி ஓட்டிருப்பேனே. ஏன்க்கா இப்படி?”

“உன்னையும் பொய் சொல்ல வைக்கவா?”

“இன்னைக்கு நீங்க பேசணும்னு சொன்னீங்க. பேசுனீங்களா?”

“எங்க பேசுறது.”

“அப்ப எனக்குச் சொல்லுங்க. இது நிக்க இன்னும் நேரம் கெடக்கு.”

தவமணி தாளை எடுக்கவில்லை. உலகத்துக்கே தண்ணீர் கொடுத்தவர் தாகமாகத் தொங்கினதை, தனக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னாள். ரொஸ்னா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நோன்புல நாலு மணிக்கு நாக்கு ஒட்டிக்குமே, அது மாரியா?” என்றாள்.

“அது மாரிதான். அதவிட அதிகம்.”

“நீங்களும் இப்ப அப்படித்தான் இருக்கீங்க. மூஞ்சியே காஞ்சு போச்சு.”

இயந்திரம் நின்றது. தவமணி பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறுத்திருந்தது. ஒட்டினாள். அதன் பிறகு கையெழுத்துப் போட்டாள். முழங்கால் ஆப்பரேஷன் நாலரை மணிக்கு நடந்தது.

திங்கட்கிழமை பட்டியலில் அவள் பெயர் இல்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். ஒப்பந்தத்தை ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டினார்கள். அதற்கே லோகேஸ்வரன் மேலதிகாரிகளிடம் இரண்டு முறை போய்ப் பேசியிருந்தார். வீட்டில் ஐயாத்துரை கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “நான் போற கிளினிக்கே எனக்குப் போதும். அங்க எனக்கு நாலு கூட்டாளி இருக்காங்க” என்றார்.

அடுத்து வந்த ஞாயிறு போதகர் அவளிடம் காரணம் எதுவும் கேட்கவில்லை. “அடுத்த வருஷமும் ஐந்தாம் வார்த்தை உங்களுக்குத்தான்மா” என்றார். தவமணி சரி என்றாள்.

மறுநாள் காலை அவள் ஆபீஸுக்குப் போய் ஒரு லீவு பாரம் வாங்கி, நின்றபடியே நிரப்பி லோகேஸ்வரன் மேசையில் வைத்தாள். அவர் தேதியைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“அக்கா, இது அடுத்த வருஷம் மார்ச்சு.”

“ஆமா தம்பி. பெரிய வெள்ளி. முழு நாள் லீவு. இனிமே பாதி நாள் ஓட்டம் வேணாம்.”

“உங்க காண்ட்ராக்ட் அக்டோபர்லயே முடியுது லா.”

“அது உங்க கணக்கு. நீங்க எழுதி வச்சுக்குங்க.”

லோகேஸ்வரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் தேடினார். அவர் எழுதி முடிக்கும்வரை தவமணி அங்கேயே நின்று பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, அங்கிப் பையில் காகிதம் எதுவும் இல்லை என்று உதறிக் காட்டிவிட்டு, அறைக்குள் போனாள்.